ரொமான்டிக் காமெடித் திரைக்கதை: சிரிக்க வைத்ததே பிரிக்கவும் வேண்டும்

ஒரு காதல் படத்திலிருந்து சிரிப்பு வரும் காட்சிகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைப் போட்டுப் பாருங்கள். கதை குறையில்லாமல் ஓடினால் அது காமெடி டிராக் ஒட்டிய காதல் படம். கதை நகராமல் நின்றுவிட்டால் அது ரொமான்டிக் காமெடி. தமிழில் முதல் வகைதான் அதிகம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. காமெடி டிராக்கைத் தனியாக ஒருவர் எழுதி, தனியாகப் படமெடுத்து, எடிட்டிங்கில் இடம் பார்த்துச் செருகிய படங்கள் எத்தனையோ ஓடியிருக்கின்றன. ஆனால் கல்லூரி வயதுப் பார்வையாளரை மனதில் வைத்து இரண்டாவது வகையை எழுத உட்காருகிறவர் முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பார்ப்பவரைச் சிரிக்க வைக்கும் விஷயமும் காதலர்களைப் பிரிக்கும் விஷயமும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இது நமக்குப் புதிதல்ல. 1955-இல் வந்த ‘மிஸ்ஸியம்மா’வில் வேலையில்லாத ஒரு பையனும் பெண்ணும் ஆசிரியர் வேலைக்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்லிச் சேர்கிறார்கள். வேடிக்கை எல்லாம் அந்தப் பொய்யிலிருந்துதான் வருகிறது. காதலைச் சொல்ல விடாமல் தடுப்பதும் அதே பொய்தான். 1964-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’யில் இது இன்னும் கூர்மை. நண்பனின் காதலுக்கு உதவப் போய், பணக்கார அப்பாவாக வேடம் போடுகிறார் முத்துராமன். வேடம் போட்ட பிறகுதான் தன் காதலியும் அதே வீட்டுப் பெண் என்று தெரிகிறது. நரைத்த தலையோடு அவர் படும் பாடுதான் சிரிப்பு, அந்த நரைதான் அவர் காதலுக்கு வில்லன். 2022-இன் ‘லவ் டுடே’யில் பெண்ணின் அப்பா வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: இருவரும் ஒரு நாள் போனை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் கைதட்டிச் சிரிக்க வைக்கும் போன், கொஞ்ச நேரத்தில் இருவரையும் குத்துகிறது. மூன்று காலம், மூன்று மாதிரி இளைஞர்கள். கட்டுமானம் ஒன்றுதான்.

ஒன்லைனில் பார்க்க வேண்டியது

கதையை ஒரே வரியில் சொல்வதை ஒன்லைன் என்கிறார்கள். புதிதாக எழுதுகிறவர்களின் ஒன்லைன் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘ஜாலியாகத் திரியும் பையன் ஒரு பெண்ணைக் காதலிக்கிறான், பிரச்சினை வருகிறது, கடைசியில் சேர்கிறார்கள்.’ இதில் ‘ஜாலியாக’, ‘பிரச்சினை’ என்ற இரண்டு இடங்களும் காலியாக இருக்கின்றன. அந்த இரண்டு காலி இடத்திலும் ஒரே விடையைப் போட முடிந்தால் கதை கிடைத்துவிட்டது.

ஒரு கதையை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பார்ப்போம். சரவணன் திருச்சியில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவன். யாருக்கும் ‘முடியாது’ என்று சொல்ல வராது. ஒரே முகூர்த்த நாளில் மூன்று கல்யாண வேலைக்கு ஒப்புக்கொள்வான், பக்கத்து வீட்டுக்காரரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவான், பிடிக்காத சித்தப்பாவோடு பழனிக்குப் பாதயாத்திரை போவான். அவனுடைய குறை இது. தேன்மொழி பிசியோதெரபிஸ்ட், மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்கிறவள்.

இவர்கள் எப்படிச் சந்திக்கிறார்கள்? மழையில், கோயிலில், பேருந்தில் மோதிக்கொள்வது எல்லாம் எழுதத் தேவையே இல்லாத காட்சிகள், யாரை வைத்தும் எடுக்கலாம். இந்த இருவருக்கு மட்டுமே நடக்கக்கூடிய சந்திப்பு வேண்டும். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொள்ள, சரவணன் அவளுடைய கிளினிக்குக்கு வருகிறான். அவள் கழுத்தை அழுத்தி, ‘வலிக்குதா?’ என்கிறாள். ‘இல்லீங்க.’ இன்னும் அழுத்துகிறாள். ‘இப்ப?’ ‘இல்லீங்க, பரவாயில்லீங்க.’ கண்ணில் நீர் நிற்கிறது. ‘வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க சார். எங்க வலிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு வேலை ஆகும்.’ ஒன்றரை நிமிடக் காட்சி. அவன் குறை, அவள் குணம், படம் எதைப் பற்றியது என்பது மூன்றும் வந்துவிட்டன. யாரும் யாரையும் அறிமுகம் செய்து வசனம் பேசவில்லை.

நிமிடக் கணக்கு

140 நிமிடப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு ஐந்து, ஒவ்வொன்றும் சுமார் 4 நிமிடம் என்றால் 20 போய்விடும். மீதி 120 நிமிடத்துக்கு, ஒரு சீன் சராசரி 2 நிமிடம் என்று போட்டால் 60 சீன். இடைவேளைக்கு முன் 30, பின் 30. சீன் ஆர்டர், அதாவது காட்சிகளின் வரிசைப் பட்டியல், எழுதும்போது இந்த எண்ணிக்கை கையில் இருந்தால், முதல் பாதியில் 45 சீன் எழுதிவிட்டு இரண்டாம் பாதியில் திணறும் பழைய வியாதி வராது.

முதல் 15 நிமிடத்துக்குள் குறை தெரிந்து, இருவரும் ஒரு தடவையாவது சந்தித்திருக்க வேண்டும். 25-இலிருந்து 30-க்குள், இனிமேல் அடிக்கடி சந்தித்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காரணமில்லாமல் தற்செயலாகவே நாலு தடவை சந்தித்தால் ஐந்தாவது தடவை தியேட்டரில் முனகல் கேட்கும். நம் கதையில், பத்து நாள் தொடர்ந்து சிகிச்சைக்கு வரச் சொன்னால் போதும். அவனுக்குத்தான் மறுக்கத் தெரியாதே.

இடைவேளைக்குச் சற்று முன் காதல் கைகூடட்டும். இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: காதலை யார் சொல்வது? சரவணன் சொன்னால் அது வழக்கமான படம். தேன்மொழி சொல்லட்டும். அவன் ஒரே வார்த்தையில் ‘சரி’ என்கிறான். தியேட்டர் சிரிக்கும், பாட்டு வரும். அடுத்து இடைவேளைக் காட்சி, அதாவது இன்டர்வெல் பிளாக். தேன்மொழியின் கிளினிக்குக்கு ஒரு பெண் வருகிறாள், வீட்டில் நிச்சயம் செய்திருக்கும் மாப்பிள்ளையின் போட்டோவைப் பெருமையோடு காட்டுகிறாள். போட்டோவில் சரவணன். அம்மா கேட்டார், அவனால் மறுக்க முடியவில்லை, அங்கேயும் ‘சரி’ சொல்லி வைத்திருக்கிறான்.

இப்போது தேன்மொழி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘எனக்குச் சொன்ன சரியும் இந்த மாதிரி சரிதானா?’

அதுவரை நாற்பது தடவை நம்மைச் சிரிக்க வைத்த குணம், இந்த ஒரு கேள்வியில் திரும்பிப் பார்க்கிறது. அவன் பதில் சொல்ல முடியாது. ‘இல்லை, நிஜமாகவே காதலிக்கிறேன்’ என்றால் அவள் எப்படி நம்புவாள்? யார் என்ன கேட்டாலும் அவர்களுக்குப் பிடித்ததைச் சொல்கிறவன்தானே அவன். இரண்டாம் பாதிக்கு எரிபொருள் இதுதான்.

இரண்டாம் பாதி ஏன் படுத்துவிடுகிறது

‘ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், செகண்ட் ஹாஃப் லேக்’ என்ற விமர்சனத்தை இந்த வகைப் படங்கள் வாங்குகிற அளவு வேறெந்த வகையும் வாங்குவதில்லை. முக்கியக் காரணம், பிரிவுக்கான காரணம் வெளியிலிருந்து இறக்குமதியாவது. அதுவரை ஒரு காட்சியில்கூட வராத முறைமாமன் வருவான், திடீரென்று ஒரு நோய் வரும், அல்லது ஒரு தவறான புரிதல். தவறான புரிதலுக்கு ஒரு சோதனை உண்டு: இருவரில் ஒருவர் போன் செய்து இரண்டு நிமிடம் பேசினால் சிக்கல் தீருமா? தீரும் என்றால் அது சிக்கலே இல்லை. போனை எடுக்காமல் இருப்பதற்கு எழுத்தாளர் காரணம் தேடிக்கொண்டே ஒரு மணி நேரத்தை ஓட்ட வேண்டியிருக்கும். சரவணன் நூறு தடவை போன் செய்யலாம், தேன்மொழி எடுத்தும் பேசலாம். அப்போதும் சிக்கல் அப்படியே இருக்கும். அது உள்ளேயிருந்து வந்தது.

இன்னொரு காரணம், இடைவேளைக்குப் பின் சிரிப்பே நின்றுபோவது. பிரிந்துவிட்டார்கள் என்பதற்காக நாயகன் தாடி வளர்த்து, டாஸ்மாக்கில் உட்கார்ந்து, சோகப் பாட்டு பாடி 25 நிமிடம் ஓடினால் பார்வையாளர் தான் வாங்கிய டிக்கெட் வேறு படத்துக்கோ என்று நினைப்பார். குறை மாறாதவரை வேடிக்கையும் நிற்காது. சரவணன் இப்போது திருந்த முயல்கிறான், எல்லோருக்கும் ‘முடியாது’ சொல்லிப் பழகுகிறான். தவறான இடங்களில் சொல்கிறான். முதலாளியிடம், ஆட்டோக்காரரிடம், பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பவரிடம். சிரிப்பு தொடர்கிறது, ஆனால் அடியில் வலி இருக்கிறது. இந்த வகையின் உச்சம் என்று சொல்லத் தகுந்தவை இத்தகைய காட்சிகள்தான். எழுதுவதற்கு அதிக நாள் ஒதுக்க வேண்டியதும் இங்கேதான்.

கிளைமாக்ஸ் என்பது குறைக்கு வைக்கும் பரீட்சை. மணமேடையை நோக்கி ஓடுவது, ஏர்போர்ட்டில் மறிப்பது எல்லாம் ஓட்டத்தைக் காட்டுமே தவிர மாற்றத்தைக் காட்டாது. சரவணன் யாரிடம் மறுப்பு சொன்னால் பரீட்சை கடினம்? அம்மாவிடமா? அது ப்ரீ-கிளைமாக்ஸுக்குச் சரி. கடினமானது தேன்மொழியிடம்தான். மனம் இளகி அவளே வருகிறாள்: ‘எதுவும் வேண்டாம், இன்னைக்கு ராத்திரியே கிளம்பிடலாம், வர்றியா?’ படம் முழுக்க அவனுக்கு வேண்டியிருந்தது இந்த அழைப்புதான். ‘வர மாட்டேன். எங்க வீட்ல, உங்க வீட்ல ரெண்டு பேர்கிட்டயும் பேசிட்டுத்தான் வருவேன்’ என்கிறான். அவள் ஒரு கணம் திகைத்துப் பிறகு சிரிக்கிறாள். இப்போது அவன் பழைய ‘சரி’க்கு மதிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு, மூன்று நிமிடத்தில் படம் முடிந்துவிட வேண்டும். கிளினிக், அதே கழுத்து, ‘வலிக்குதா?’ ‘ரொம்ப வலிக்குது.’ முன்னே போட்ட லீடுக்கு, அதாவது முதலில் விதைத்த குறிப்புக்கு, இங்கே பே ஆஃப், அதாவது பலன். கல்யாணம், குழந்தை, பெயர் சூட்டு விழா என்று நீட்டினால் வாகன நிறுத்தத்தை நோக்கி எழுந்துவிடுவார்கள்.

நாயகி, நண்பன், அப்பா

நாயகி எடுக்கும் முடிவால் கதை திரும்பும் காட்சிகள் எத்தனை என்று சீன் ஆர்டரில் எண்ணிப் பாருங்கள். இரண்டுக்குக் குறைவாக இருந்தால் அவள் கதையில் இல்லை, போஸ்டரில் மட்டும் இருக்கிறாள். குழந்தை மாதிரி பேசி, மழையில் ஆடி, தெரு நாய்க்கு பிஸ்கட் போடும் ‘லூசுப் பொண்ணு’ பாத்திரம் இன்று டிரெய்லரிலேயே மீம் ஆகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே சுற்றி, காலேஜ் வாசலில் நின்று, கடைசியில் மனதை மாற்றும் கதை. ஒரு காலத்தில் அதைக் காதல் என்று எழுதினோம். இன்றைய பெண் பார்வையாளருக்கு அது போலீஸ் புகார். எழுதும்போதே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: இந்தக் காட்சிக்குப் பின்னணியில் திகில் இசை போட்டால் பொருந்துமா? பொருந்தினால் காட்சியைத் தூக்கிவிடுங்கள்.

நண்பன் பாத்திரத்துக்கு இந்த வகையில் ஒரு வேலை உண்டு. நாயகன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் பொய்யை உடைப்பதுதான் அது. கவுன்ட்டர் கொடுப்பதும் கலாய்ப்பதும் அதற்குக் கருவி. ‘நீ நல்லவன் இல்லடா, பயந்தாங்கொள்ளி. பயத்துக்கு நல்லவன்னு பேர் வெச்சிருக்க’ என்று சரவணனிடம் நண்பன் சொன்னால் சிரிப்பும் வரும், கதையும் நகரும். உடல் எடை, நிறம், பெண்களின் தோற்றம் பற்றிய கவுன்ட்டர்களுக்கு முன்பு போலக் கைதட்டல் விழுவதில்லை. அவை எழுதுகிறவரின் சோம்பலையே காட்டுகின்றன.

அப்பா அம்மா விஷயத்தில் தமிழ் ரொமான்டிக் காமெடிக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. நம் ஊரில் காதலைத் தடுப்பதில் முதலிடம் சாதிக்கு. அதைப் பெயர் சொல்லித் தொட்டால் படத்தின் தொனி மாறிவிடும் என்று பெரும்பாலானவர்கள் தவிர்க்கிறார்கள்; ‘அந்தஸ்து’, ‘வேலையில்லாத பையன்’ என்று வேறு பெயரில் எழுதுகிறார்கள். தவிர்ப்பது எழுத்தாளரின் முடிவு. ஆனால் தவிர்த்துவிட்டு, பெண்ணின் அப்பா அரிவாளோடு துரத்துவதை மட்டும் காமெடி ஆக்கினால் அது உறுத்தும். அந்த அரிவாள் எதற்கு என்று தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும்.

வசனம், போன், பாட்டு

இளைஞர் பேச்சு என்பதற்காக மீம் வார்த்தைகளை வாரி இறைக்க வேண்டாம். எழுதத் தொடங்கியதிலிருந்து படம் வெளியாக எளிதில் ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். இன்று இன்ஸ்டாவில் ஓடும் சொல் அதற்குள் பழசாகி, கிரிஞ்ச் பட்டியலில் சேர்ந்திருக்கும். சொல்லைவிடத் தாளத்தைப் பிடியுங்கள். இளைஞர்கள் வாக்கியத்தை முடிக்க மாட்டார்கள், கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்வார்கள், முக்கியமானதை வேறு பேச்சுக்கு நடுவில் நுழைப்பார்கள். எழுதிய காட்சியில் பெயர்களை மறைத்துவிட்டு இன்னொருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். யார் பேசுகிறார்கள் என்று அவரால் சொல்ல முடியாவிட்டால் எல்லோரும் எழுத்தாளரின் குரலில் பேசுகிறார்கள் என்று பொருள்.

சாட் காட்சிகளில் ஒரு மெசேஜ் ஐந்தாறு சொல்லுக்கு மேல் போனால் கடைசி வரிசையில் இருப்பவர் படித்து முடிப்பதற்குள் காட்சி போய்விடும். சாட்டில் மெசேஜைவிட, டைப் செய்து அழிப்பது, நீல டிக் விழுந்தும் பதில் வராதது, ‘டைப்பிங்’ என்று காட்டிவிட்டு நிற்பது இவைதான் நடிக்க இடம் தருகின்றன.

பாட்டுக்கு முன்னும் பின்னும் கதை அதே இடத்தில் நின்றால் அந்த 4 நிமிடத்தில் போன் எடுத்துவிடுவார்கள், அல்லது வெளியே போய்விடுவார்கள். சின்னச் சின்னக் காட்சிகளை அடுக்கிக் காட்டும் மான்டேஜ் பாட்டு நாலு வாரத்தைக் கடக்கப் பயன்பட வேண்டும். சிகிச்சையின் பத்து நாள், முதலில் ‘சார்’ என்று கூப்பிட்டவள் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவது, இதெல்லாம் பாட்டுக்குள் போகட்டும். இடைவேளை முடிந்த முதல் ஐந்து நிமிடத்தில் பாட்டு வைக்காதீர்கள், பாப்கார்னோடு பாதிப் பேர் அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருப்பார்கள். அங்கே எளிதாகப் புரியும் ஒரு காமெடி சீன் நல்லது.

சான்றிதழும் பெயரும்

இளைஞர் படம் எழுதுகிறவர் தணிக்கையைக் கடைசியில் யோசித்தால் செலவு. 2024-இன் புதிய விதிகளின்படி யு/ஏ இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இவற்றில் பெற்றோர் வழிகாட்டுதல்தான், கதவை அடைப்பதில்லை. ‘ஏ’ வாங்கினால் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் உள்ளே வர முடியாது. பிளஸ் டூ மாணவர்கள் மொத்தமும் போய்விடுவார்கள், டிவியில் போடவும் மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். நாலு கெட்ட வார்த்தைக்காக இதை இழப்பது லாபமில்லை. மியூட் செய்தால் ஜோக்கும் சேர்ந்து செத்துவிடும் என்பதால், முதலிலேயே வேறு சொல்லில் எழுதுங்கள். நாயகன் சிகரெட் பிடித்தால் திரையின் அடியில் எச்சரிக்கை வரி வந்தே ஆக வேண்டும். பிரிவுக் காட்சியில் கண்கலங்க வேண்டிய நேரத்தில் அந்த வரியைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

பெயர் வைப்பதில் ஒரு சின்ன வரலாறு உண்டு. 2006-இல் தமிழ்நாடு அரசு தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு கொடுத்தது. 2011-இல், எல்லா வயதினரும் பார்க்கலாம் என்கிற யு சான்றிதழும் வேண்டும் என்றது. நீளமான, குறும்பான தமிழ்த் தலைப்புகள் அந்தக் காலத்தில் நிறைய வந்தன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் அந்தக் கணக்கு மாறியது, ஆங்கிலத் தலைப்புகள் மறுபடி பெருகின. இப்போது தலைப்பு உங்கள் விருப்பம். குறையைச் சொல்லும் தலைப்பு கிடைத்தால் பாதி விளம்பரம் முடிந்தது.

குறும்படத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’, பிரதீப் ரங்கநாதனின் ‘லவ் டுடே’ இரண்டும் அவரவர் குறும்படத்திலிருந்து விரிந்தவைதான். ஆனால் 10 நிமிடக் குறும்படத்துக்கு ஒரு ஐடியா போதும். அதையே இழுத்தால் 70 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இன்டர்வெல் பிளாக்குக்குப் பிறகு என்ன என்பதற்குத் தனியாகப் பதில் இருந்தால் மட்டும் விரியுங்கள்.

நரேஷன் கொடுக்க, அதாவது தயாரிப்பாளரிடம் கதை சொல்ல, போவதற்கு முன் பவுண்டட் ஸ்கிரிப்ட்டை, அதாவது முழுதாக எழுதி பைண்டு செய்த திரைக்கதையை, சென்னையில் உள்ள தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்துவிடுங்கள். ஒன்லைனை மட்டும் பதிவு செய்தால் பின்னால் சண்டை வரும்போது எதுவும் நிற்காது. ஒரே கரு இருவருக்குத் தோன்றலாம், காட்சிகளின் வரிசை தோன்றாது. நரேஷனில் தயாரிப்பாளர் எங்கே சிரித்தார் என்பதைக் குறிக்காதீர்கள், அவர் மரியாதைக்கும் சிரிப்பார். எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்த்தார் என்று குறித்து வைத்துக்கொண்டு, அந்த சீன்களைத் திருத்தி எழுதுங்கள்.